ஓசூர் மேட்டில் ஒயின் திராட்சை: மழையையும் இரவுக் குளிரையும் கேட்டுவிட்டு நடுங்கள்

ஓசூர் பக்கம் மறுபடியும் ஒயின் திராட்சைப் பேச்சு கிளம்பியிருக்கு. பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று எந்த உழவர் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்கிறார்: "நந்தி மலை அடிவாரத்துல வருது, நாசிக்ல வருது, நமக்கு மட்டும் ஏன் வராது? நம்ம ஊரும் அதே குளுகுளு மேடுதானே?" கூடவே கேபர்னே சாவினியோன், ஷிராஸ் என்று வாயில் நுழையாத பெயர்களையும் சொல்கிறார்கள். நாற்று விற்க வருபவர்கள் சொல்லிக் கொடுத்த பெயர்கள்.

கொடி வரும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தச் செம்மண்ணில் குச்சியை ஊன்றினால் திராட்சை தழைக்கும். எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பக்கம் பந்தல்கள் நிறையவே இருந்தன. என்ன ரகம், எத்தனை முறை மருந்து, பழத்தில் என்ன ருசி, அதை வாங்க ஆள் யார் என்பதுதான் பார்க்க வேண்டியது. இந்த நாலில் முதல் மூன்றையும் முடிவு செய்வது நாம் இல்லை. மழை பெய்யும் மாதமும் இரவின் குளிரும்தான்.

முதலில் பழத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். திராட்சை பழுக்கும்போது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரை பழத்துக்குள் ஏறுகிறது. பழத்தில் உள்ள புளிப்பு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம். நம்ம ஊர்ப் புளியங்காயைப் புளிக்க வைப்பதும் இதுவேதான். இது சுலபத்தில் குறையாது. இன்னொன்று ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். கொடி மூச்சு விடும்போது இதை எரித்துவிடும். சூடு கூடக்கூட வேகமாக எரிக்கும். பகலில் வெயில் அடித்து இரவு குளிர்ந்தால் சர்க்கரையும் ஏறும், புளிப்பும் மிஞ்சும், தோலில் நிறமும் நன்றாகப் பிடிக்கும். இரவும் புழுக்கமாக இருந்தால் சர்க்கரை மட்டும் ஏறி, பழம் சப்பென்று ஆகிவிடும். வெப்ப நாடுகளில் ஒயின் செய்கிறவர்கள் டார்டாரிக் அமிலத்தை வெளியே வாங்கிச் சாற்றில் கலப்பது இதனால்தான்.

உலகத்தில் ஊருக்கு ஊர் ஒயின் ருசி மாறுவதற்கு அடிப்படை இந்தக் கணக்கு. பிரான்சின் வடக்கே ஷாம்பெய்ன் பகுதி குளிர். பழம் முழுதாக இனிக்காது, புளிப்பு தூக்கலாக நிற்கும். அந்தப் புளிப்பை வைத்தே நுரை பொங்கும் ஒயினை உண்டாக்கினார்கள். போர்ச்சுகலில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு கல் காயும் சூடு. பழம் தேனாக இனிக்கும். அங்கே சாறு பாதி புளித்துக் கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைக் கலந்து புளிப்பதை நிறுத்தி, இனிப்பும் காட்டமுமான போர்ட் ஒயினைச் செய்தார்கள். இல்லாததற்கு அழாமல், இருப்பதை வைத்துச் செய்தது என்று இதைச் சொல்லலாம்.

இப்போ நம்ம மேட்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு பஸ்ஸில் ஏறும்போதே காற்று மாறுவது தெரியும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டரை டிகிரி குறைகிறது. கீழே மாமரம் நிற்கிறது, மேலே ரோஜாவும் முட்டைக்கோசும் நிற்கிறது. ஒரே மாவட்டம், இரண்டு சீமை. திராட்சைக்கு மேலே உள்ள சீமைதான் தோது. நந்தி மலை அடிவாரமும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆகவே, கூட்டத்தில் கேட்கிறவர் சொல்வது பாதி சரி.

மீதிப் பாதியில்தான் சிக்கல். உலகின் பேர்பெற்ற ஒயின் சீமைகள் பெரும்பாலும் 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. போர்டோ நகரம் 45இல் இருக்கு; ஓசூர் 13க்கும் கீழே. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் தானாக விழிக்கும். வருஷத்துக்கு ஒரு கவாத்து, ஒரு அறுவடை. இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கத்தரியை வைத்து நாம்தான் அதைத் தூங்க வைத்து எழுப்புகிறோம். பங்குனி, சித்திரையில் வெட்டும் கவாத்து காய்ப்புக்கு இல்லை. புதுக் கிளையில் கண் உருவாக. அந்தக் கண்ணுக்குள் பூங்கொத்து உருவாக அடுத்த ஒன்றரை இரண்டு மாதம் நல்ல வெளிச்சம் வேணும். மறுபடி புரட்டாசி, ஐப்பசியில் வெட்டுவதுதான் காய்ப்புக் கவாத்து. அது தை கடந்து மாசி, பங்குனியில் பழமாகும்.

இந்த இடத்தில் இயற்கை உழவர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கு. தூங்காத கொடியில் எல்லாக் கண்ணும் ஒரே சீராக வெடிக்காது. அதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் குச்சியில் தடவுவது பல திராட்சைப் பகுதிகளில் வழக்கமாகிவிட்டது. தடவுகிறவர் முன்னும் பின்னும் மது அருந்தியிருந்தால் உடம்பு சிவந்து, மூச்சு முட்டும் அளவுக்கு நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2008இலேயே இதற்கு அனுமதி மறுத்துவிட்டது. இயற்கைச் சான்றிதழில் இதற்கு இடமே கிடையாது. இது இல்லாமல் கண் வெடிக்க வைக்க முடியுமா என்று ஒயின் ரக நாற்றுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

நாசிக் மழை வேறு, நம் மழை வேறு

நாசிக்கைப் பார்த்து நாம் ஆசைப்படுகிறோம். அந்த ஊர் 20 டிகிரியில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கு. உயரத்தில் நாம்தான் மேலே. ஆனால் அங்கே மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அக்டோபரில் கவாத்து வெட்டினால், துளிர் வருவதும் பூப்பதும் காய்ப்பதும் பழுப்பதும் வறண்ட வானத்தின் கீழ். வட இந்தியக் குளிர் எட்டிப்பார்க்கும் மார்கழி, தை இரவுகள் வேறு. சுலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் ஒயினை வெளியிட்ட பிறகு அந்த ஊரே ஒயின் ஊரானதற்கு, மகாராஷ்டிர அரசின் 2001 திராட்சைப் பதனக் கொள்கை ஒரு காரணம் என்றால், இந்த மழைக்கணக்கு அதைவிடப் பெரிய காரணம்.

நமக்கு? தென்மேற்கின் வாலும் வடகிழக்கின் தலையும் இரண்டும் நம்ம தலைமேல்தான். கோடை இடிமழை சித்திரை, வைகாசியில். நல்ல மழை ஆவணியில் பிடித்து புரட்டாசி, ஐப்பசியில் உச்சம். வங்கக்கடலில் புயல் சின்னம் வந்தால் கார்த்திகையிலும் நாலு நாள் மூடிக்கொண்டு தூறும். நாசிக்கில் துளிர் வெயிலில் பிறக்கிறது. நமக்கு அதே துளிர் தூறலில் பிறக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடிச்சாம்பல் நோய் உட்கார்ந்திருக்கு.

இத்தாலி உழவர்களிடம் இந்த நோய்க்கு 'மூன்று பத்து' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. துளிர் பத்து சென்டிமீட்டர் நீளம் ஆகியிருக்கணும், மழை பத்து மில்லிமீட்டர் பெய்திருக்கணும், வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இருக்கணும். மூன்றும் கூடினால் நோய் வரும், தயாராக இரு என்று அர்த்தம். ஓசூரில் ஐப்பசி மாதத்தில் பத்து டிகிரிக்குக் கீழே எங்கே போகிறது? மூன்றில் ஒன்று எப்போதும் தயார். மழை இரண்டாவது. துளிர் மூன்றாவது. அவ்வளவுதான், இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு.

நாம் அடிக்கும் போர்டோ கலவையின் பெயரே ஒரு ஒயின் ஊரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் கொடிகளோடு இந்தப் பூசணம் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. போர்டோ கடலோரச் சீமை, ஈரம் அதிகம், தோட்டங்கள் நாசமாயின. அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்திருந்தார்கள். அந்தக் கொடியில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885இல் கலவை உலகுக்குத் தெரிய வந்தது. ஈரமான ஊரின் ஒயின், தன் மருந்தையும் கூடவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"போர்டோ கலவை இயற்கை வேளாண்மைக்கு அனுமதிதானே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அனுமதிதான், அளவோடு. செம்பு மண்ணில் மக்காது. போட்டது அங்கேயே கிடக்கும். மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் உச்சவரம்பு. நம்ம கணக்கில் ஒரு ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.6 கிலோ. மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கு செம்பு. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம் போட்டு, ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் ஒரு தெளிப்புக்கு அரை கிலோ செம்பு போகும். மூன்று தெளிப்பில் ஒரு வருஷக் கோட்டா முடிந்தது. நம்ம ஐப்பசி, கார்த்திகைக்கு, நோய் தாங்காத ஐரோப்பிய ரகத்துக்கு, மூன்று தெளிப்பு போதுமா? மழை பெய்து கழுவிவிட்டால் மறுநாள் மறுபடி அடிக்கணும்.

அப்படியானால் நந்தி அடிவாரத்தில் எப்படி என்கிறீர்களா? தொட்டபள்ளாப்பூர் பக்கம் குரோவர் நிறுவனம் 1988இல் தொடங்கியது. அதற்கு முன்பே பல பிரெஞ்சு ரகங்களை நட்டுச் சோதித்தார்கள். பிறகு மிஷேல் ரோலான் என்ற போர்டோ நிபுணரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். சொந்தத் தோட்டம், சொந்த ஆலை, காத்திருக்கப் பணம். ஒரு மழையில் பூ உதிர்ந்தால் அது நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி. இரண்டு ஏக்கர் சம்சாரிக்கு அது மகள் கல்யாணம்.

நிலத்துக்கு ஒத்துப்போன கொடி

இந்த மேட்டுக்கு என்று ஒரு ரகம் ஏற்கெனவே இருக்கத்தான் செய்கிறது. பெங்களூர் புளூ. பெங்களூர் ஊரகம், கோலார், சிக்கபள்ளாப்பூர் எல்லாம் இதன் சீமை; புவிசார் குறியீடும் பெற்றது. எல்லைக்கு இந்தப்பக்கம் நம்ம பந்தல்களிலும் இருந்தது இதுவே. உலகத்தில் இசபெல்லா என்று சொல்லும் அமெரிக்க வம்சக் கொடிதான் இது. வில்லியம் பிரின்ஸ் என்ற நர்சரிக்காரர் 1816இல் அமெரிக்காவில் பரப்பியது. தோல் தடிப்பு, வாயில் போட்டு அழுத்தினால் தோல் தனியே, சதை உருண்டை தனியே வழுக்கிக்கொண்டு வரும். அந்த மணம் ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. பறவைக்கண் நோய் இதை அவ்வளவாக அண்டாது. அடிச்சாம்பல் இதற்கும் வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கவாத்தைத் தள்ளிப்போட்டும் பந்தலில் காற்றோட்டம் விட்டும் சமாளித்து, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு எடுத்தவர்கள் உண்டு.

ஒயின்காரர்கள் இதை மட்டமாகப் பார்ப்பார்கள். காரணம் எளிய கணக்கு. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் ஒரு விழுக்காடு ஆல்கஹால். பெங்களூர் புளூ சாற்றில் கரையும் திடப்பொருள் 16 முதல் 18 டிகிரி வரைதான். அதிலிருந்து ஏறக்குறைய பத்து விழுக்காடுக்கு மேல் ஏறாது. ஒயினுக்கு 12, 13 வேணும் என்றால் பழம் 22 டிகிரி தொடணும். ஆகவே இதில் சர்க்கரையைக் கொட்டி, இனிப்பான 'போர்ட்' என்று பெயர் வைத்துக் கோவாவில் விற்றார்கள். பெங்களூரில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஊறவைப்பதும் இதே பழம்தான். போர்ச்சுகல்காரன் வெயிலால் இனிப்பாக்கினான். நாம் சர்க்கரை மூட்டையால் இனிப்பாக்கினோம்.

பிரான்சு 1934இல் இசபெல்லா உள்ளிட்ட ஆறு அமெரிக்க வம்ச ரகங்களுக்குத் தடை போட்டது. மணம் பிடிக்கவில்லை, உற்பத்தி அதிகம் என்றெல்லாம் சொன்னார்கள். நோய் தாங்கும் ரகத்தை ஒதுக்கி, நோய் தாங்காத ரகத்தை மருந்தால் காப்பாற்றினார்கள். விளைவு, அந்த நாட்டு விளைநிலத்தில் 4 விழுக்காடுகூட இல்லாத திராட்சைத் தோட்டங்கள், நாட்டின் பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குடித்தன. இப்போது அவர்களின் வேளாண் ஆய்வு நிறுவனமே அமெரிக்க வம்ச நோய் எதிர்ப்பைச் சேர்த்து ஆர்த்தாபான், ஃப்ளோரியால் போன்ற புது ரகங்களை விடுகிறது. போர்டோவிலும் வெப்பம் ஏறிப்போய், 2021இல் போர்ச்சுகல் ரகங்கள் உட்படப் புதிய ரகங்களைச் சோதனைக்கு அனுமதித்தார்கள். அவர்கள் தங்கள் ரகத்தை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்கள் பழைய ரகத்தை இங்கே கொண்டுவந்து நடச் சொல்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கையும் ஒரு வார்த்தை சொல்லணும். அங்கே பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். கர்நாடகத்தில் குலாபி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவில், முல்லைப்பெரியாறு தண்ணீரோடு, வருஷம் முழுக்க வெப்பம் பெரிதாக ஏறி இறங்காத இடம். அதனால் எந்த மாதத்தில் கவாத்து வெட்டினாலும் பழம் வரும்; ஒருவர் தோட்டத்தில் பூ, அடுத்தவர் தோட்டத்தில் பழம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழம் அந்தப் பள்ளத்தாக்கின் பழம். அதைப் பார்த்து ஓசூரில் நடுவதும், நாசிக்கைப் பார்த்து நடுவதும் ஒரே மாதிரி வேலைதான்.

ஒயின் பற்றி நம்ம பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கு ஆள் சேர்க்க எழுதவில்லை. 1987 முதல் பனையிலும் தென்னையிலும் கள் இறக்குவது குற்றம் என்று வைத்திருக்கும் மாநிலம் இது. அதே மாநிலத்தின் டாஸ்மாக் அடுக்கில் வெளிமாநில ஒயின் புட்டி நிற்பதை நாம் பேசாமல் யார் பேசுவது? கர்நாடகம் 2007இல் ஒயின் கொள்கை போட்டு, தனி வாரியம் வைத்தது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் வேறு சட்டம், வேறு சந்தை. மேகம் சோதனைச்சாவடியில் நிற்காது, திராட்சை லாரி நிற்கும். நம்ம பக்கம் உழவர் தன் பழத்தைத் தானே ஒயினாக்கி விற்பது சுலபம் இல்லை. வாங்குகிற ஆலை எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தால், விலையும் அந்தப்பக்கம்தான் முடிவாகும்.

ஆலை ரகத்தை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை மலைக்குக் கீழே போய்ப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவில் பெங்களூரா ரகம் பெருகியது கூழ் ஆலைகளுக்காக. ஆலை கேட்டவரை சரி. ஆலை கை விரித்த வருஷம், தின்பதற்கு வாங்கும் சந்தையில் அந்தப் பழத்துக்கு மதிப்பு கிடையாது, மரத்தடியிலேயே கிடக்கும். ஒயின் திராட்சை இன்னும் மோசம். சின்னப் பழம், கொட்டை அதிகம், தோல் துவர்ப்பு. ஆலை வேண்டாமென்றால் ஓசூர் உழவர் சந்தையில் கூறு கட்டிக்கூட விற்க முடியாது. பெங்களூர் புளூவை சாறாக விற்கலாம், ஜாமாக்கலாம், காடியாக்கலாம், அப்படியே தட்டில் வைக்கலாம்.

இதற்கு நடுவில் சிப்காட். கவாத்துக்குப் பழகிய கைகள் ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் போகின்றன. போர்வெல் ஆழம் கூடிக்கொண்டே போகுது. எங்கள் ஊரில் பழைய திராட்சைப் பந்தலின் கல்தூண்களைப் பிடுங்கி வீட்டுமனைக்கு வேலியாக நட்டிருக்கிறார்கள். ஒயின் ரகத்துக்கு வேண்டிய கவாத்து, கிளை கட்டுதல், கொத்துக்கு வெளிச்சம் விடுதல் எல்லாமே கைவேலை. ஐப்பசியில் மழைவிட்ட அரை நாளில் பத்து ஆள் கிடைக்குமா என்பதையும் கணக்கில் சேர்க்கணும்.

ஒப்பந்தம் போடத்தான் போகிறோம் என்பவர்கள் சிலதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சர்க்கரை இத்தனை டிகிரிக்குக் குறைந்தால் விலை எவ்வளவு வெட்டுவார்கள்? மாசியில் மழை வந்து பழம் வெடித்தால் யார் பாடு? தெளிப்பு அட்டவணையை ஆலை தருமா, நாம் மாற்றலாமா? செம்பின் அளவு எவ்வளவு? கண் வெடிக்க என்ன தடவச் சொல்கிறார்கள்? நடுகிறவர்கள் ஒரேயடியாக ஏக்கர் கணக்கில் போகாமல், பத்து சென்டில் ஐரோப்பிய ரகமும் பக்கத்தில் பத்து சென்டில் பெங்களூர் புளூவும் வைத்து, மூன்று ஐப்பசி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நடாதவர்களும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் போதும். புரட்டாசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை முடியும்வரை, காலை பத்து மணிக்கு இலை ஈரமாக இருந்த நாளையெல்லாம் குறித்து வையுங்கள். நாற்றுக்கு முன்பணம் கேட்டு வருகிறவரிடம் அந்த நோட்டை நீட்டி, "இத்தனை ஈர நாளுக்கு உங்க கொடிக்கு எத்தனை தெளிப்பு?" என்று கேளுங்கள்.